சித்தி வீட்டு டிவிச் சத்தம்

வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலில் அம்மா இரண்டு நெய் விளக்கு ஏற்றுவாள். ஒன்று எங்கள் குடும்பத்துக்கு. இன்னொன்று, சாயங்கால நாடகத்தில் புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கு. ஒருமுறை அவள் பேருக்கு அர்ச்சனை செய்யவே தட்டை நீட்டிவிட்டாள். பூசாரி நட்சத்திரம் கேட்டதும் திருதிருவென்று விழித்து, "தெரியல சாமி, டிவியில வர்ற பொண்ணு. ஆத்தா பேருக்கே பண்ணிருங்க" என்றாள். பூசாரி சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அதே நாடகம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கப்பலூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் குடியிருந்த காம்பவுண்டு எங்களுடையது. வரிசையாக வீடுகள், நடுவில் முற்றம், ஓரத்தில் தண்ணீர்க் குழாய். எல்லா வீட்டிலும் ஒரே நாடகம் ஓடுவதால், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் ஒரு வசனம் தப்பாது. கடைசி வீடு சித்தியுடையது, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் வீட்டு டிவிதான் சில நாட்களில் காது கிழியும்படி அலறும். நாடகத்தின் மேல் சித்திக்கு அம்புட்டு ஆசை என்று நான் நினைத்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு இரண்டாம் ஷிப்டு விழுந்த ஒரு சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹவுஸ் ஓனரம்மாவும் வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாடகத்தில் புருஷன் அறைந்தான். இடி இடித்தது. அந்தப் பெண் விழுந்ததை மூன்று பக்கமிருந்தும் மறுபடி மறுபடி காட்டினார்கள், "அம்மா!" என்று வீடே அதிர அவள் அலறினாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சித்தி மட்டும் சிரித்துவிட்டாள்.

"இம்புட்டு அடி வாங்குறா, ஒரு வளையலாச்சும் உடைஞ்சுச்சா பாருக்கா. இப்படியா கத்துவாக? வெளிய கேட்டா மானம் போயிரும்னு சேலைய வாயில வச்சு அமுக்கிக்கிருவாக."

"பாத்த மாதிரி சொல்றியேடி" என்றார்கள் ஓனரம்மா.

சித்தி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்த நான், "திருவிழாவுல நம்ம ரெண்டு பேரும் வாங்குன பச்சக் கண்ணாடி வளையல் எங்க சித்தி?" என்றேன். என் கையில் என் வளையல்கள் இருந்தன. அவள் கையில் ரப்பர் வளையல் கிடந்தது.

"அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்" என்று சித்தி எழுந்து போய்விட்டாள்.

அம்மா அதற்கப்புறம் நாடகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும்தான் அந்த டிவி அலறும் என்பதை அவள் அப்போதுதான் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சித்தப்பாவுக்குப் பகல் ஷிப்டு, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவார். நாடகத்தில் அன்று பஞ்சாயத்து. அந்தப் பெண் ஊர் முன்னால் வாய் திறக்கப் போகிறாள் என்று காம்பவுண்டே காத்திருந்தது. அவள் நிமிர்ந்து நின்ற நேரம், கடைசி வீட்டு டிவி திடீரென்று அலறியது.

அம்மா எழுந்து எங்கள் டிவியை அமத்தினாள்.

நான் போட்ட கூச்சலை அவள் காதில் வாங்கவில்லை. முற்றத்தில் இறங்கி வீடு வீடாக, "செத்த அமத்துங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு டிவியாக அடங்கியது. பெண்கள் எல்லோரும் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். சித்தி வீட்டு டிவி மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா மாடிப்படிக்கு அடியில் மீட்டர்ப் பெட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போய், அந்த வீட்டு பீஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

டிவி செத்தது. சித்தப்பாவின் கெட்ட வார்த்தையும், பளாரென்று ஓர் அறையும் தெளிவாகக் கேட்டன. சித்தியின் குரல் கேட்கவே இல்லை.

"எவன்டா பீஸப் புடுங்குனது?" கதவைத் திறந்த சித்தப்பா முற்றம் நிறைய நின்றவர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தான் மாப்ள" என்றாள் அம்மா, பீஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. "எல்லா டிவியையும் அமத்திட்டோம். இப்ப உங்க சத்தம் மட்டுந்தான் கேக்குது. பேசுங்க, கேப்போம்."

"இது எங்க குடும்ப விசயம்."

"வெளிய கேட்டுருச்சுல்ல, இனிமே காம்பவுண்டு விசயம்" என்றார்கள் ஓனரம்மா. "இது என் வீடு தம்பி. இதுல அவ இருப்பா. நீ கெளம்பி வாடிப்பட்டிக்கு உங்க ஆத்தாகிட்டப் போ."

சித்தி வாசலுக்கு வந்தாள். வாயிலிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். "பை கட்டிலுக்கு அடியில இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றாள். நடுங்கினாலும் முதல் வீடு வரைக்கும் கேட்கிற குரல்.

சித்தப்பா பையோடு கேட்டைத் தாண்டியதும் ஓனரம்மா குலவை போட்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாமி சப்பரம் வராமலே குலவைச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் சித்தி தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஆத்தா புண்ணியத்தில் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து வாழ்ந்தாள்.

எனக்கோ அன்றைய நாடகம் போன துக்கம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் விசாரித்து வந்து சொன்னேன். அந்தப் பெண் பஞ்சாயத்தில் புருஷனை மன்னித்து, அவன் காலில் விழுந்துவிட்டாளாம். அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா நாடகத்துப் பெண்ணுக்கு விளக்கு ஏற்றவில்லை. நானே ஒரு விளக்கை வாங்கி ஏற்றி, 'தாயே, பாவம் அந்தப் பொண்ணைப் பார்த்து இவங்க சிரிச்சதை மன்னிச்சுக்கோ' என்று கண்ணை இறுக மூடி வேண்டினேன். பக்கத்தில் சித்தி தீபாராதனைக்குக் கைகளைத் தூக்கினாள். இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல்கள், கலகலவென்று ஒரே சத்தம். என் வேண்டுதலுக்கு இடைஞ்சல் பண்ணுகிறாளே என்று நான் அவளைத் திரும்பி முறைத்தேன்.