எட்டாம் வீட்டுக்காரி

ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவளை யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எல்லார் கண்ணும் ஊசி மேல்தான் இருக்கும். ஈப்போவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு இந்த உத்தியோகம். காலையில் பால் சேர்க்காத ஒரு தே ஓ கூடக் குடிக்காமல் வந்து, நம்பர் சீட்டோடு கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

வெயில் இறங்காத உடம்பு

விட்டமின் டி பார்க்க எடுக்கும் ரத்தக் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது எங்கள் இடத்துப் பழைய வழக்கம். வெயிலில் கிடைக்கிற சத்துதான், ஆனால் குழாயில் வெளிச்சம் படக் கூடாதாம். அது அவசியம்தானா என்று யாரும் கேட்டதில்லை. நானும் சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

மணியம் அண்ணன் பீடோரிலிருந்து வருவார். கொய்யாத் தோட்டத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற மனிதர். அவருக்கு ஈரலைத் தாக்கும் நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் சி. அவ்வளவு வெயில் குடித்த உடம்பில் விட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. தோல் வெயிலில் அதைத் தயார் பண்ணினாலும் கல்லீரல்தான் பக்குவப்படுத்த வேண்டும், இந்த நோயாளிகளில் பலருக்கு இது குறைந்துதான் இருக்கிறது என்றார் எங்கள் நிலையத்து டாக்டர். ஈரல் கெட்டதால் சத்து குறைகிறதா, சத்து குறைந்ததால் ஈரல் இன்னும் கெடுகிறதா என்பது டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லையாம். அண்ணன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வெயிலு மேலதான் விழுது தங்கச்சி, உள்ள எறங்க மாட்டேங்குது லா."

எந்தத் தோட்டம்?

பயந்தவர்களைப் பேச வைத்தால் நரம்பு சுலபமாகக் கிடைக்கும். பேராக்கில் நம் ஆட்களைப் பேச வைக்க "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் போதும். மணியம் அண்ணன் சொன்ன தோட்டம் எனக்குத் தெரிந்ததுதான். ரப்பர் போய், எண்ணெய்க்குச் செம்பனை வந்து, தொழிலாளர்கள் வரிசையாக இருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். அவர் இருந்தது இரண்டாம் லயத்தில் ஏழாம் வீடு.

அடுத்த வாரம் சரோஜா அக்கா வந்தார். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை. விடியுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். அதே ஹெப்படைட்டிஸ் சி, அதே விட்டமின் டி குறைவு, அதே தோட்டம், அதே லயம். ஆறாம் வீடு. அந்த லயத்தின் எட்டாம் வீட்டில் பிறந்தவள் நான். ஒரு சொட்டுக் கள்ளும் தொடாத என் அப்பா, வயிறு பானையாக வீங்கித்தான் செத்தார். சூனியம் என்றது தோட்டம். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அங்கிருந்து வந்துவிட்டோம், அதிலிருந்து அந்தத் தோட்டத்துப் பேச்சே எனக்கு ஆகாது. முகக்கவசத்துக்குள் வாயை மூடிக்கொண்டேன். சரோஜா அக்கா பேசாமல் இருந்தாரா? "அந்த லயத்துக்கு யாரோ செஞ்சு வச்சிட்டாங்க தங்கச்சி. அடுத்து எந்த வீடுன்னு அதுக்குத்தான் தெரியும்."

பெரட்டு வரிசை

லூர்து அண்ணன் பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவருடைய தாளில் ஹெப்படைட்டிஸ் சி என்று பார்த்ததுமே தோட்டத்தைக் கேட்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். அவரே சொல்லிவிட்டார். ஒன்பதாம் வீடு.

சூனியமெல்லாம் இல்லை என்றார் அவர். ஒரு சமயம் தோட்டத்தில் வாந்திபேதி பரவியபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் ஊசி போட்டார்களாம். பெரட்டு என்றால் வீட்டு நம்பர்படி நிற்க வேண்டும், குழந்தைகளும்தான். மருந்து கொடுக்கும் டிரசர் ஒரே கண்ணாடி ஊசியை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்து, வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். ஹெப்படைட்டிஸ் சி ரத்தம் வழியாகத்தான் தொற்றும், ஆனால் அந்தக் காலத்தில் அது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்த ஸ்பிரிட் வாசனை ஞாபகம் வந்தது. "கண்ண மூடிக்க, எறும்பு கடிதான்" என்ற டிரசரின் குரலும் வந்தது. அதைத்தான் இருபத்திரண்டு வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கே கற்றேன் என்று தெரியாமலே. லூர்து அண்ணன் என் முகக்கவசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு முன்னால எட்டாம் வீட்டுப் புள்ள ஒண்ணு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னுச்சு. அது உசுரோட இருக்கோ இல்லையோ, தெரியல லா."

என் முறை

எனக்கும் விட்டமின் டி குறைவு. போன வருடம் ஊழியர்களுக்குப் பார்த்தபோதே தெரியும். குளுகுளு அறையில் இருக்கிறவளுக்கு வேறென்ன இருக்கும் என்று விட்டுவிட்டேன். டாக்டரும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நோயில்லாத பலருக்கும் குறைவுதான் என்றார். ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறதா என்று தெரிய வேறு பரிசோதனை. எத்தனையோ பேருக்கு எடுத்தவள், எனக்கு எடுக்க மூன்று வாரம் சாக்குச் சொன்னேன். பயம்தான், வேறொன்றுமில்லை. கடைசியில் கூட வேலை செய்யும் ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினேன். அவளும் "கண்ண மூடிக்கங்க அக்கா, எறும்பு கடிதான்" என்றாள். என்னிடம் வேலை கற்றவள் அவள்.

கிருமி இருந்தது. ஈரல் கெட ஆரம்பித்திருந்தது, ஆனால் இன்னும் கைமீறவில்லை. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும், விட்டமின் டி மாத்திரை தனியாக. அது எலும்புக்கு, கிருமியை விரட்டாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பாவும் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார், அவர் காலத்தில் அந்த மாத்திரை இல்லை. அதை நினைத்து அன்றைக்கு மருந்து எடுக்கும் வரிசையிலேயே நின்று அழுதேன்.

அடுத்த முறை லூர்து அண்ணன் வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றி, நான்தான் அந்த எட்டாம் வீட்டுப் பிள்ளை என்றேன். அவர் பெரட்டில் ஊசி வாங்கிய மேல்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்ப நாப்பது வருசமா உன் ரத்தந்தான் எங்கூட இருந்துருக்கு."

ஆகையால் அன்பர்களே, அடுத்த முறை "எறும்பு கடிதான்" என்று சொல்லி ஊசியோடு வருகிறவளிடம், உன் ரத்தத்தை நீ பார்த்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.