கித்தான் கட்டிய வீடு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஏழு, பெறாமல் வளர்த்தது மூன்று. இந்தப் பத்தில் ஒன்றுக்கும் மூச்சிழுப்பு என்று வந்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தங்கவயலில் அப்போது எங்களுக்கெல்லாம் தட்டி வீடுதான். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், மண் தரை. ஊரிகத்தில் சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லைன் முழுக்க ஒரே அச்சு. ஐப்பசி மழை பிடித்தால் இடுக்கு வழியாகக் குளிர்காற்று வந்து முதுகில் அறையும்.

அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் கித்தான் கட்டுகிற வேலை. கீழே காற்று போய்ச் சேராத மூலைகள் உண்டு. தார் பூசிய கித்தானைத் திரைபோலத் தொங்கவிட்டு, வருகிற காற்றை அந்தப் பக்கம் திருப்புவார்கள். வெடி வைத்த புழுதி அடங்கும் முன்னே உள்ளே போகவேண்டும். அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். பழசென்று கழித்த கித்தானைக் கேட்டு வாங்கி வந்து, என் தம்பி படுக்கிற பக்கத்துச் சுவரை மேலிருந்து கீழ்வரை மூடி ஆணியடித்தார். ஊசிமுனைக் காற்றுகூட நுழையாது. லைனே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் வாசலில் நின்றுகொண்டு, காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச்சொல்லி அதிகாரம் செய்தேன்.

அந்த மழையில்தான் தம்பிக்கு இழுப்பு வந்தது. மூன்று வயது அவனுக்கு. மூச்சு விடும்போது நெஞ்சு சீட்டியடிக்கும். ஷிப்டு சங்கு ஊதுகிறது என்று நான் சிரித்தேன்.

அடுத்த வீட்டில் இருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், வந்து கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள். "கித்தான் கட்டின வூடுன்னு ஊரெல்லாம் பேச்சு. கண்ணு படாம இன்னா பண்ணும்?" என்றாள். பிறகு, எங்கேயோ இன்னும் காற்று நுழைகிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தோம். பழந்துணி அடைத்த தலையணையைத் தம்பிக்கு முட்டுக் கொடுத்தோம். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டோம். அடைக்க அடைக்க அவனுக்கு இழுப்பு கூடியது.

ஒரு காலையில், அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தபோது, அவனுக்கு மூச்சு அடங்கிக்கொண்டு வந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆகிவிட்டது. அவனை வாரித் தூக்கிய அம்மா, எழுந்திருக்கக் கித்தானைப் பிடித்து ஊன்றினாள். ஊறிப்போயிருந்த சுவரிலிருந்து ஆணிகள் கழன்று, கித்தான் மொத்தமாகச் சரிந்து விழுந்தது.

"கரடி!" என்று அலறினேன்.

கரடியில்லை. சுவர்தான். தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை கறுப்பாகப் பூஞ்சணம், ரோமம் முளைத்ததுபோல. அதிலிருந்து புகைபோல ஏதோ எழும்பியது. நாற்றம் தொண்டையைப் பிடித்தது. தம்பி இத்தனை நாளும் அதில்தான் முகத்தை ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

அம்மா பிள்ளையோடு வெளியே ஓடினாள். சாரலும் காற்றும் அடிக்கிற தாழ்வாரத்தில் அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாவி, காத்துல கொண்டாந்து புள்ளய கொல்லப் பாக்கிறியே!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"உள்ள இருந்தா மட்டும் பொழைக்குமா? கொஞ்சம் கம்முனு இருங்க!"

அம்மா அத்தையை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். சுவரைப் பார்த்ததைவிட அது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அம்மா வெகுநேரம் அப்படியே நின்றாள். சீட்டி மெல்ல மெல்லத் தேய்ந்தது. உதடு வெளுத்து, பிறகு சிவந்தது. தம்பி அத்தையைப் பார்த்து, "பசிக்குது" என்றான்.

அப்பா வந்தபோது, அம்மா இழுத்துப்போட்ட கித்தான் தெருச்சேற்றில் கிடந்தது.

"யாரு கழட்டினது? அது எப்பேர்ப்பட்ட கித்தான் தெரியுமா?"

"கீழ அத எதுக்குக் கட்டுறீங்க?" என்றாள் அம்மா.

"காத்து வர்றதுக்கு."

"இங்க எதுக்குக் கட்டுனீங்க?"

அப்பா சேற்றில் கிடந்த கித்தானைத் திரும்பிப் பார்த்தார். விடை தெரிந்த சந்தோஷத்தில் நான்தான் சொன்னேன்: "காத்து வராம இருக்கிறதுக்கு!"

அறை விழும் என்று பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் அவரே சுவரைச் சுரண்டினார். தட்டியில் மேலே இரண்டு துவாரம் விட்டு, சுண்ணாம்பு அடித்தார். தலையணை அடுப்புக்குப் போனது. சாம்பிராணி நின்றது. வெயில் எட்டிப்பார்த்தால் போதும், பாயும் துணியும் வெளியே போய்விடும். வறட்டுத் துடைப்பம் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். சுரங்கத்துச் சட்டையோடு வாசல் தாண்டக்கூடாது என்பது இன்னொன்று.

"தெருவுல கோவணத்தோட நிக்கச் சொல்றியா?"

"நில்லுங்களேன், யாரு பாக்கப் போறாங்க!"

தினமும் நின்றார். உதறினால் புழுதி பறக்கும் என்று, கழற்றிய சட்டையைத் தொட்டியில் அமுக்குவது என் வேலை. சுரங்கத்துப் பாறையின் கல்மாவு வெள்ளையாக வந்து அடியில் தங்கும். எல்லாம் போய்விட்டது என்று தண்ணீரைக் கொட்டுவேன்.

தம்பி தேறிவிட்டான். அப்பாவின் இருமல் மட்டும் போகவில்லை. அவர் படுக்கிற பக்கத்திலும் கரடி ஒளிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர் வேலைக்குப் போனதும் பாயைச் சுருட்டிவிட்டு அந்தச் சுவரை மூலை மூலையாகத் தேடுவேன். ஒரு புள்ளிகூட இருக்காது. சுவர் வெள்ளைவெளேரென்று இருக்கும். இருந்தாலும் துடைப்பேன். தொட்டியின் அடியில் தங்குகிற மாவு அவர் நெஞ்சிலும் தங்கியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இருமல் கூடக்கூட, இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

போதும் கண்ணு, எழுதினதை ஒரு தரம் படி. என் அப்பா வாசலில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாரே, அங்கேயிருந்து படி.