பாயிலிருந்து பார்த்த குவிமாடம்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில், முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் மாதா கோயிலில் நடந்தது இது. நான் ஒட்டுசுட்டானில் இருந்து போயிருந்தேன். கடைப் பலகை, அம்மன் கோயில் சுவர் என்று எதுவும் வரைவேன். மாதா கோயிலில் வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்த ஃபாதர் ரோமில் படித்தவர். இத்தாலியப் பழைய தேவாலயம் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார். அண்ணாந்து பார்த்தால் பெரிய குவிமாடம், சுற்றிவரத் தூண்கள், உச்சியில் வெளிச்சம். உண்மையில் அங்கே குவிமாடமே இல்லையாம். தட்டையான கூரையில் வரைந்த ஓவியமாம்! தரையில் அடையாளக் கல் பதித்த ஓர் இடத்தில் நின்றால்தான் கண் ஏமாறுமாம். எனக்குக் கை துறுதுறுத்தது. நமது சீலிங்கிலும் வரைந்து காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

வாசலில் நின்று பார்ப்பதற்கென்று அளவெடுத்தேன். சீலிங் எட்டச் சாரம் கட்டி, ஒரு மாதம் அதன் மேல் மல்லாந்து கிடந்தேன். இறங்கி வாசலுக்கு ஓடுவேன், பார்ப்பேன், திரும்ப ஏறுவேன். சோறு இறங்கவில்லை. கோயில் திருநாளுக்கு ஆறு நாள் இருக்கையில் சாரத்தைப் பிரித்தோம். வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பின்னேரம் செபமாலை நேரத்தில், கோயிலைக் கூட்டித் துடைக்கும் அக்கா மட்டும் உள்ளே போகாமல் வெளியே மரத்தடியில் அமர்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"வடிவாத்தான் கிடக்கு தம்பி. ஆனா என்ர இடத்தில இருந்தா, தூணெல்லாம் தலையில விழ வாற மாதிரிக் கிடக்கு. சண்டை நேரம் பங்கர்க் குழிக்குள்ள மகளோட இருந்தது ஞாபகம் வருது. அவள் வெளிய வரேல்லை."

செபமாலை முடிந்து சனம் போனபின் உள்ளே போய், பீடத்துக்கு முன்னால் பெண்கள் பாய் விரிக்கும் பக்கத்தில் அமர்ந்து அண்ணாந்தேன். குவிமாடம் சரிந்து என் மேலேயே வந்தது. அந்தக் கோயிலில் வாங்கு, பெஞ்சு எதுவும் கிடையாது. சனம் பாயில்தான் இருக்கும். ஒரு மாதம் வேலை செய்தும் நான் ஒரு தடவைகூட அங்கே அமர்ந்து பார்க்கவில்லை. வாசலில் நின்று புகழப்போகிறவர்களுக்காகவே வரைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அக்கா சொன்னதைச் சொல்லி, அழித்துவிடுகிறேன் என்றதும் ஃபாதர் திடுக்கிட்டார். "திருநாள் முடியட்டுமன். வெளிநாட்டுச் சனமும் வருது."

"அவா வெளிய இருக்க, ஆருக்கு ஃபாதர் திருநாள்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் தானே போய் ஏணியைத் தூக்கி வந்தார்.

தூண்களுக்குப் பதிலாக வானம் வரையட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வானமும் வேண்டாம் தம்பி. வெள்ளையாக் கிடக்கட்டும்."

வெள்ளையே பூசினேன். திருநாள் பூசைக்கு அக்கா தன் இடத்தில் வந்து அமர்ந்தார். ஒரு தடவையும் அண்ணாந்து பார்க்கவில்லை. அழுகையை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்தக் கோயிலுக்கு வேலைக்குப் போனாலும், பெயின்ற் வாளியைத் திறக்குமுன் சனம் அமரும் இடமெல்லாம் அமர்ந்து பார்க்கிறேன்; அப்படிப் பார்த்தும் மனம் ஆறுவதில்லை, இன்னும் யாருடைய இடத்தை விட்டுவிட்டேனோ என்று.