‘தெரியாதுங்க’ என்று சொன்ன வழிகாட்டி

செய்தி வந்தபோது நான் கூட்டேரிப்பட்டில் இருந்தேன். சேலத்திலிருந்து ரயிலில் வந்த ஒரு குடும்பத்தை விழுப்புரம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு, மயிலம் மலைக்கோயிலைக் காட்டிவிட்டு, காலை டிபனுக்காக வண்டியை நிறுத்தியிருந்தேன். அவர்கள் ஓட்டலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போனில் அக்காவின் தம்பி அப்பாண்டைராஜின் பெயர் வந்தது. எப்போதும் மாலையில் அழைக்கிறவர் அவர். காலையில் அழைக்கிறார் என்றதுமே விஷயம் புரிந்துவிட்டது.

“அண்ணே, அக்கா போயிட்டாங்க. ஆறரை மணி இருக்கும். பாண்டி ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். நீங்க வந்தா நல்லா இருக்கும்.”

“வர்றேன்” என்றேன்.

சேலத்துப் பெரியவர் கை கழுவிவிட்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். என்னோடு பதினோரு வருடம் வழிகாட்டியாக வந்த அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னேன். “நீங்க கெளம்புங்க. செஞ்சிக் கோட்டை எங்கயும் போயிடாது” என்றார். திண்டிவனத்திலிருந்து நண்பர் ஒருவர் வேறு வண்டி கொண்டுவந்து அவர்களை ஏற்றிக்கொண்டார். நான் புதுச்சேரிக்குத் திரும்பினேன்.

இறந்தவர் பெயர் ஜினமதி. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் வைத்து வாழும் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் சிறு வயதிலேயே காலமானதால், தம்பி அப்பாண்டைராஜின் குடும்பத்தோடு இருந்தார். நான் ஏழுமலை. திண்டிவனத்தில் கார் வைத்து ஓட்டுகிறேன். மலையும் கோட்டையும் குகைக்கோயிலும் பார்க்க வருகிறவர்களை இரண்டு நாள், மூன்று நாள் என்று தனியாக அழைத்துப் போவது எங்கள் தொழில். நான் ஓட்டுவேன், அக்கா சொல்லுவார். அவரோடு பயணம் செய்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அவர் இறந்த செய்தி போயிருக்காது. அவர்களுக்காகவும், அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அக்கா முதலில் வழிகாட்டி அல்ல. செஞ்சியில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துவந்தார். பதினோரு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியர் திருநாதர்குன்றைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பாதை தெரியும். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. வண்டியை நிறுத்திக் கண்ணில் பட்ட அந்த அலுவலகத்தில் கேட்டேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

“சாப்பாட்டு நேரந்தான். நானே வர்றேன், வாங்க.”

குன்றின் அடியில் நின்று அவர் பேச ஆரம்பித்ததும் அந்தத் தம்பதியர் சிரித்துவிட்டார்கள். பத்திரம் எழுதிய பழக்கம் அப்படியே வந்தது. “வடக்கே வயக்காடு. தெற்கே செஞ்சி டவுனு. கிழக்கே ஒருத்தரு மல்லாட்டைக் கொல்லை. மேற்கே நாம வந்த பாதை. இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது இந்தக் குன்று.” பிறகு மேலே ஏறி, பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் காட்டினார். ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட ஒரு முனிவரைப் பற்றி அங்கே கல்வெட்டு இருக்கிறது. அதைச் சொன்னபோது அந்த அம்மையார், “உங்களால இப்படி இருக்க முடியுமா?” என்று கேட்டார்.

“எனக்குப் பதினோரு மணிக்கே பசிக்குதுங்க” என்றார் அக்கா. உண்மையிலேயே பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தானும் சாப்பிட்டார்.

அடுத்த மாதமே அவரை மறுபடி அழைத்தேன். ஒரு வருடத்துக்குள் பத்திர வேலையை விட்டுவிட்டு என்னோடு முழுநேரமாக வந்துவிட்டார். முதல் நாள் மண்டகப்பட்டுக் குடைவரையும் செஞ்சிக் கோட்டையும் மேல்சித்தாமூர்ச் சமணக் கோயிலும். மறுநாள் திருவண்ணாமலை வழியாக ஜவ்வாது மலை. இதுதான் எங்கள் வழக்கமான சுற்று. சமண வழக்கப்படி, பொழுது சாய்வதற்குள் அக்கா சாப்பிட்டாக வேண்டும். அதனால் ஐந்தரை மணிக்கு நாங்கள் எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுவேன்.

வழிகாட்டிகள் பலரை எனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்கள். அக்கா அதிகம் சொன்ன வார்த்தை ‘தெரியாதுங்க’ என்பதுதான். கோட்டையில் ஒரு சுரங்கம் எங்கே போகிறது, ஒரு ராணி எந்த ஜன்னலில் நின்றாள் என்று கேட்பார்கள். படித்ததோ பார்த்ததோ இல்லையென்றால் தெரியாது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர் எரிச்சலாகிவிட்டார்.

“கைடுன்னு வந்துட்டு தெரியாதுன்னு சொன்னா எப்படிம்மா?”

“தெரியாததச் சொன்னா நீங்க அத உங்க ஊருக்கு எடுத்துக்கினு போயிடுவீங்க சார். அப்புறம் நான் அங்க வந்து திருப்பி வாங்க முடியுமா?”

அப்படிப்பட்டவரும் ஒரு விஷயத்தில் தவறினார். செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய குன்றில், பாறைத் தரையில் நீள நீளமாக வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. அவை சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை நம்பி, ஆறு வருடமாக எல்லோருக்கும் அப்படியே சொல்லிவந்தார். ஒருநாள் கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களோடு வந்தார். அவர் குனிந்து, பள்ளங்களின் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்னக் குழிகளை விரலால் தொட்டுக் காட்டினார். ஆப்பு அடித்துப் பலகை பலகையாகக் கல்லைப் பெயர்த்த தடம் அது, படுக்கை அல்ல என்று பொறுமையாக விளக்கினார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை என்னை அழைத்தார். “ஏழுமல, அந்தக் குன்றுக்கு நம்ம கூட வந்தவங்க நம்பரெல்லாம் உன் போன்ல இருக்கா?”

“இருக்கும்க்கா. எதுக்கு?”

“தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லணும்.”

“யாருக்கா அதெல்லாம் ஞாபகம் வச்சிக்கினு இருக்கப் போறாங்க? வேணாங்க்கா, பேஜாராயிடும்.”

“நம்பரக் குடு” என்றார்.

ஒரு வாரம் முழுக்கப் போனில் பேசினார். பலருக்கு அவரை நினைவுபடுத்தவே நேரம் ஆனது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஏதோ விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டார். கோட்டக்குப்பத்து ஜமால் பாயோடு பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பாய் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது, தன் தாயாரை எங்களோடு அழைத்துவந்திருந்தார். கடலோரத்திலேயே வாழ்ந்த அந்த அம்மா மலையைக் கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பள்ளத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தது எனக்கு நினைவிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் பாய் சத்தமாகச் சிரித்தார். “அய்யய்யோ! எங்கம்மா அங்கேர்ந்து வந்த நாளா கட்டில்ல படுக்கறதில்லங்க. பெரியவங்க கல்லுல படுத்தாங்களே, நமக்கெதுக்கு மெத்தைன்னு தரையிலதான் படுக்குது. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். இருங்க, அதுங்கிட்டயே சொல்லுங்க.”

அக்கா எழுந்து நின்று பேசினார். “அம்மா, மன்னிச்சிக்குங்க. அது முனிவருங்க படுக்கை இல்லயாம். கல்லு ஒடைக்கிறவங்க கல்லப் பேத்த எடமாம். எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்.”

அந்த அம்மாவின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“அப்போ அந்தக் கல்லு ஒடைச்சவங்க எங்க படுத்தாங்கம்மா?”

“தெரியலியேம்மா” என்றார் அக்கா. போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குன்றை எங்கள் சுற்றிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். மறுத்துவிட்டார். அதன் பிறகும் எல்லோரையும் அங்கே அழைத்துப்போனார். “ஆறு வருஷமா இதப் படுக்கைன்னு தப்பாச் சொன்னேன். இது கல்லு ஒடைச்ச எடம். இங்கேர்ந்து போன கல்லு எந்தக் கோயில்ல, எந்தக் கோட்டையில இருக்குதுன்னு தெரியாது. ஒடைச்சவங்க யாரு, எங்க படுத்தாங்கன்னும் தெரியாது.” இவ்வளவுதான் சொல்வார். கோட்டையை விட அந்த இடத்தில்தான் வந்தவர்கள் அதிக நேரம் நின்றார்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து நான்கு நண்பர்கள் வந்தார்கள். இரண்டாம் நாள் ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போகும்போதே தூறல் ஆரம்பித்தது. அவர்களுக்கு ஒரே உற்சாகம். மழையில் மலையைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். மூன்றாவது கொண்டைஊசி வளைவில், நிறுத்தச் சொன்னார் அக்கா. கீழே இறங்கி, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு ஜன்னல் அருகே வந்து, “எனக்குத் தலை சுத்துதுங்க. மேல வர முடியாது. தயவுசெஞ்சு திரும்பிடலாம்” என்றார்.

“கொஞ்ச நேரந்தாங்க்கா, ஜல்தியா ஏறிடலாம்” என்றேன். அவர் ஏறவில்லை. நனைந்துகொண்டு ரோட்டோரத்திலேயே நின்றார். எங்களைத் தாண்டி நான்கைந்து வண்டிகள் மேலே போயின. வேறு வழியில்லாமல் திரும்பினோம். அன்று மலைப் பாதையில் யாருக்கும் எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் எங்களைப் பற்றி இணையத்தில் காட்டமாக எழுதினார்கள். எனக்குக் கடுங்கோபம். அக்காவை வீட்டில் இறக்கிவிட்டபோது “வர்றேன்” என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மூன்று மாதம் அவரை அழைக்கவில்லை. வேறொரு வழிகாட்டியை வைத்துக்கொண்டேன். நன்றாகப் பேசுவார். சுரங்கமும் ராணியும் தாராளமாக வந்தார்கள். ஒருநாள் அந்தக் கல் உடைத்த குன்றில் நின்று, இது முனிவர்கள் படுத்த படுக்கை, பௌர்ணமியன்று இன்றும் இங்கே மந்திர ஒலி கேட்கிறது என்றார். கேட்டவர்கள் கைகூப்பினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கீழே இறங்கி வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அக்காவின் ஊருக்குப் போனேன். களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நேராக வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

“பின்னாடி டயரு மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்க்கா, போன மாசம்.”

“அன்னிக்கு வழவழன்னு இருந்துச்சி. மழையில அத வச்சிக்கினு எப்படி ஏத்துவ?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. “தலை சுத்துதுன்னு சொன்னீங்களே?”

“வந்தவங்க முன்னாடி உன் டயரு சரியில்லன்னு சொல்லச் சொல்றியா?”

எத்தனையோ பேர் முன்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று தன்னைக் குறைத்துக்கொண்டவர், என்னைக் குறைத்துப் பேச மனம் வராமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. மூன்று மாதம் நான் அவரிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாளும் பேசவில்லை. “சனிக்கெழம யாராச்சும் வர்றாங்களா?” என்றுதான் கேட்டார். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், கேட்காமலே திரும்பினேன். இங்கேதான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடந்த ஆண்டு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. சவாரி இல்லாத நாட்களில் நான் அழைத்துப்போவேன். சிகிச்சை முடிந்து திரும்பும்போது மிகவும் களைத்திருப்பார். அப்படியும் நான் எங்கெங்கே போய்வந்தேன், வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பார். போன மாதம் ஒருநாள், “வலி எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். “இருக்குது. எல்லாத்துக்கும் நான்கெல்லை சொல்லலாம், இதுக்கு முடியல” என்றார். அவர் என்னிடம் தன் நோயைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எல்லாக் காகிதங்களும் முடிந்து உடலை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். டிரைவர் கடலூர்ப் பக்கத்துக்காரர். “ஊரு புதுசுண்ணே. நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்” என்றார். மயிலம், கூட்டேரிப்பட்டு வழியாக முன்னே போனேன். கண்ணாடியில் வெள்ளை வண்டி தெரிந்துகொண்டே வந்தது.

செஞ்சி நெருங்கும்போது ஒரு வளைவு வரும். கோட்டை மலைகள் மூன்றும் அங்கேதான் முதல் தடவையாக ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அங்கே அவர் எதுவும் பேச மாட்டார். வந்தவர்கள் தாங்களாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். அன்றும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பின்னால் வந்தவர் ஹாரன் அடிக்கவில்லை. அவரும் வேகத்தைக் குறைத்தார். வெயில் ஏறிய பாறைகளைப் பார்த்தபடி இரண்டு வண்டிகளும் மெல்ல அந்த வளைவைக் கடந்தன.

அந்தி சாய்வதற்கு முன்பே இறுதிச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது.

போய்வாருங்கள், அக்கா. அந்த மழை நாளில் ‘வர்றேன்’ என்று சொல்லாமல் வந்துவிட்டேன், இன்று சொல்லிக்கொள்கிறேன்.