ஸ்கொட்லாந்துக் குலத்தலைவர்களும் எங்கள் பெரியப்பாவும்

சுவிஸின் பாடன் நகரில் நான்காம் வகுப்புப் படித்தபோது, வகுப்பின் முன் நின்று பேசுவதற்கு ஸ்கொட்லாந்துக் குலங்களை எடுத்துக்கொண்டு பைத்தியமாய்த் திரிந்தேன். கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஆண்கள்தான் முதலில் என்னை இழுத்தார்கள். பிறகு தலைவர்கள். இரத்த உறவே இல்லாதவனும் தலைவரின் நிலத்தில் குடியிருந்து அவர் பெயரை ஏற்றுக்கொண்டால் குலத்துக்குள் சேர்ந்துவிடலாமாம். எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது.

எங்களுக்கும் ஒரு தலைவர் இருந்தார், சோலோதுர்னில் இருந்த பெரியப்பா. என்ன கார் வாங்குவது, யாருடைய மகளின் சாமத்தியவீட்டுக்குப் போவது, எல்லாம் அவர் வாயால் வரவேண்டும். தொழிற்சாலையில் அத்தனை பேரை அதட்டும் அப்பா, தன் அண்ணனுக்கு முன்னால் பூனை.

ஒரு சனிக்கிழமை அக்கா தான் விரும்பியவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இங்கேயே பிறந்த பெடியன், மின்சார வேலை படித்தவன். அன்று வந்திருந்த பெரியப்பா விசாரிக்கத் தொடங்கினார்.

“தம்பி, அப்பா அம்மா ஊரிலை எவடம்?”

அவன் ஊரைச் சொன்னான்.

“அதுக்குள்ளை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?”

சாதியை வாய் திறந்து கேட்க வெட்கம் இந்த மனிதர்களுக்கு! சுவிஸ் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெடியன் கண்ணாலும் காணாத ஊரின் ஒழுங்கைக்குள் புகுந்து தேடுகிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் மறைக்காமல் சொன்னான். பெரியப்பா தேத்தண்ணியைத் தள்ளிவைத்து, “இது சரிவராது” என்றார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

நான் உதவிக்கு ஓடினேன். “பெரியப்பா, அவர் எங்கட பேரை வைச்சால் சரிதானே? ஸ்கொட்லாந்திலை அப்பிடித்தான்!”

ஒருவரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா சொல்லிக்கொடுக்க, ‘அவனை விடு, இல்லாவிட்டால் வீட்டை விடு’ என்று அப்பா அக்காவிடம் சொன்னது எனக்கு வெகுகாலம் தெரியாது. அக்கா எங்கடின் மலைப்பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கிறாள், பனி கரைய வருவாள் என்றுதான் அம்மா சொன்னார். அவள் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

வகுப்பில் என் பேச்சின் கடைசிப் பகுதிக்கு வந்தேன். செம்மறி வளர்த்தால் லாபம் என்று, அந்தத் தலைவர்களே தங்களை நம்பியிருந்தவர்களை வீட்டைவிட்டுத் துரத்திக் கப்பலேற்றினார்கள். “சொந்தச் சனத்தை!” என்று மேசையில் அடித்தேன். ஆசிரியையே திகைத்துப்போனார்.

அன்று பின்னேரம் பெரியப்பா வந்து, பேச்சு எப்படிப் போனதென்று அக்கறையாகக் கேட்டார். அவர் பக்கத்தில் ஒட்டியிருந்து அந்தக் கொடியவர்களை ஆசைதீரத் திட்டினேன்.

“ஓம் பிள்ளை, பாவம் அந்தச் சனம்” என்று அவர் என் தலையைத் தடவினார். இவர் அங்கே தலைவராக இருந்திருந்தால் ஒருவரையும் துரத்தியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.