சொந்த நிலம் நாலு ஏக்கர்

என் சித்தப்பா சோணைக்கு இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைக்கூட மாட்ட முடியவில்லை. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, நெல் என்று யார் கூப்பிட்டாலும் பூச்சிமருந்து அடிக்கப் போவதுதான் அவர் வேலை. குச்சி அகப்படாத நாளில் கையாலேயே கலக்கிவிடுவார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைகள்தான். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. அடுத்து நான் செய்ததில் இல்லை.

விளாங்குடியில் உள்ள ஆயுர்வேத வைத்தியசாலையைச் சொன்னவர் என் மேலாளர் கல்யாணராமன். முழங்கால் வலிக்கு அவரும் அங்கே போகிறவர். அவரே எங்களை டாக்டர் சுஷ்மாவிடம் அழைத்துப் போனார்.

"என்ன தொழில் பண்றீங்க?" என்று டாக்டர் சித்தப்பாவைக் கேட்டார்.

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். சித்தப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "விவசாயம். சொந்த நிலம்."

சித்தப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாங்கம்மா, நாலு ஏக்கரு."

வெளியே வந்ததும் சிரித்தார். "வாங்குனதுதான் வாங்குன, ஒரு கெணத்தோட வாங்கியிருக்கலாம்லடா."

வாரத்தில் மூன்று நாள் எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகைக் கிழி ஒத்தடம், வீட்டில் இரண்டு வேளை கஷாயம். மற்ற நாட்களில் அவர் மருந்தடிக்கப் போனார். எனக்குத் தெரியும். மூன்று வாரமாகியும் கையில் உணர்ச்சி வரவில்லை. பாதமும் மரக்கத் தொடங்கியது. ஒரு நாள் செருப்பு கழன்றது தெரியாமல் பரவை சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார்.

நான்காவது வாரம் டாக்டர் அவர் விரல்களை நீவிப் பார்த்தார். "பூச்சிமருந்து வாடை அடிக்குதே. நீங்களே அடிப்பீங்களா?"

"நான் எங்கம்மா அடிக்கிறேன். ஆள் விட்டு அடிக்கிறது. வரப்புல நின்னு பாக்குறதோட சரி."

கதவுக்கு வெளியே கல்யாணராமன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சித்தப்பா குரலை உயர்த்திச் சொன்னார். என் பொய்யை அவர் தன் கையை விலையாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"நெலம் இல்ல டாக்டர்," என்றேன். "சித்தப்பா கூலிக்கு மருந்தடிக்கிறவரு. நேத்துகூட அடிச்சாரு."

வெளியே தாள் புரளும் சத்தம் நின்றது. டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததை அடித்தார்.

"எத்தனை வருஷமா?"

எனக்குத் தெரியவில்லை.

"இவன் ஆறாப்பு சேந்த வருசத்துல இருந்து," என்றார் சித்தப்பா, சுவரைப் பார்த்தபடி.

"மொத நாளே சொல்லியிருக்கணும். உள்ள போற விஷத்த நிறுத்தாம மேல எண்ணெய் தேச்சு என்ன செய்ய? இன்னையோட அந்த வேலைய விட்ருங்க. பெரியாஸ்பத்திரியில ரத்தத்தையும் நரம்பையும் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

"கை பழையபடி வருமாம்மா?"

"இப்ப சொல்ல முடியாதுங்க. மூணு வாரம் வீணாப் போச்சு." இதை அவர் என்னிடம்தான் சொன்னார்.

வெளியே வந்தோம். கல்யாணராமன் காலை மடக்கி வழி விட்டார். சித்தப்பா அவர் முன்னால் நின்றுவிட்டார். "தம்பிய ஒண்ணும் நெனச்சுக்கிறாதீங்கய்யா. நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

"இல்ல சார், நானாத்தான் சொன்னேன்," என்று சொல்லிச் சித்தப்பாவின் கையைப் பற்றினேன். நான் பற்றியது அவருக்குத் தெரியவில்லை. அவர் பாட்டுக்குக் கல்யாணராமனிடம் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.