எதிர்வீட்டு மொசைக்கும் என் பசுவும்

எங்கள் நகருக்கு நாங்கள் குடிபோனபோது அது நகரே இல்லை. பருத்திக் காட்டை மட்டம் தட்டி, எல்லைக்கல் நட்டு, ஒரு தகரப் பலகையில் 'நகர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும். திருப்பூருக்குள் லைன் வீட்டில், ஒரே குழாய்க்குத் தெருக்கோடி வரை குடம் வரிசை நிற்கும் இடத்தில் இருந்துவிட்டு வந்த எனக்கு நரி ஒன்றும் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. ஓட்டு வீடு ஒன்று கட்டினோம். முன்பக்கம் வேலியோரமாக ஓலைச் சாளை ஒன்று இறக்கி, அதில் என் பசுவைக் கட்டினேன்.

என் பசு என்றால் என் பசுதான். வீடு வீட்டுக்காரர் பேரில் இருந்தது. சைக்கிள் அவருடையது. கழுத்தில் கிடந்தது மாமியார் போட்டது; போட்டதைத் தினமும் ஒருதரம் ஞாபகப்படுத்துவார். பசு மட்டும் என் அப்பன் தன் பட்டியிலிருந்து எனக்கென்று ஓட்டிவந்து விட்ட கிடாரி, வளர்ந்து கன்று ஈன்று நின்றது. காங்கேயத்து மாடு. பால் அப்படியொன்றும் கறந்துவிடாது. ஆனால் அது நிற்கிற நிற்பைப் பார்த்தால் எனக்கும் முதுகு நிமிரும்.

பிறகு பனியன் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பணம் புதிது, அதனால் அதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. ஒரு வீட்டுக் கேட்டில் இரும்பு மயில் வைத்தால் அடுத்த வீட்டுக் கேட்டில் ஜோடி மயில். அதற்கடுத்த வீட்டுக்காரர் மயிலே வேண்டாமென்று சிங்கம் வைத்தார். பட்டறைக்காரனுக்குச் சிங்கம் பழக்கமில்லை, நாய் மாதிரி வந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் எல்லோரும் சிங்கம் என்றே சொன்னோம். பித்தளை அண்டாவும் தவலையும் பழைய சாமானாக அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்குப் போயின. எவர்சில்வர் வந்து கண்ணாடி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தது. சமைப்பதென்னவோ பின்கட்டில், கரிபிடித்த அதே பழைய சட்டியில்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்தக் கம்பெனி முதலாளி அடுத்த தெருவில் குடியிருந்தார். முதலாளியம்மாதான் எங்கள் நகரில் முதன்முதலாக ஃபிரிட்ஜ் வாங்கியவர். சமையல்கட்டில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? முன் ஹாலில், தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். யாராவது வந்தால் திறப்பார். உள்ளே விளக்கு எரியும். தண்ணீர் பாட்டிலும் ஒரு முழம் மல்லிகைப் பூவும் இருக்கும்.

"ஏனுங் மாஸ்டரம்மா, ஐஸ் தண்ணி குடிக்கறீங்களா? பழக்கமில்லாதவீகளுக்குக் கொஞ்சம் பல்லுக் கூசுமுங்க" என்று ஒருநாள் கேட்டார்.

"வேண்டாமுங்க. அப்பறம் சளி புடிச்சா அதை எந்தப் பொட்டியில வெச்சுப் பூட்டறது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பூட்டினார்.

இந்த முதலாளிதான் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த சைட்டுகளைச் சேர்த்து வாங்கி மாடி வீடு கட்ட ஆரம்பித்தார். தரைக்கு மொசைக். ஆட்கள் மண்டி போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தேய்த்தார்கள். தேய்த்ததன் மேல் மெழுகு போட்டு மறுபடி தேய்த்தார்கள். குனிந்து பார்த்தால் மூக்குத்தி தெரியும். வீடு பார்க்க வருகிறவர்கள் செருப்பைத் தெருவுக்கு இந்தப் பக்கம், என் சாளையோரம் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. என் பசு அந்தச் செருப்புகளையெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும் முதலாளியும் நகர்ப் பெரிய மனுசர் சிலரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருந்த நாற்காலியில் முதலாளி உட்கார்ந்தார், மற்றவர்கள் நின்றார்கள்.

"மாஸ்டரே, கோயமுத்தூர்ல இருந்து மில்லுக்காரங்க வர்றாங்க. பம்பாய் பார்ட்டி வர்றாரு. கார்ல இருந்து எறங்குனதும் மூஞ்சிக்கு நேரா சாணிங்க. நகர்னு பேரு வெச்சுக்கிட்டு மாடு கட்டுனா எப்புடீங்க?" என்றார்.

"ஆமாங்க மொதலாளி" என்றார் வீட்டுக்காரர்.

நான் கதவோரம் நின்றபடி கேட்டேன். "ஏனுங்க, நகரமாயிப் போச்சுன்னா பாலு எங்கிருந்து வருமுங்க?"

"புட்டியில வருமுங்க" என்றார் சிங்கம் வைத்தவர்.

அவர்கள் போனபிறகு வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்கண்ணன் தோட்டத்துல உட்டர்லாம் புள்ள. அங்க மாடு நல்லாத்தான் இருக்கும்."

"மாடு நல்லா இருக்கும். நானு?"

அவர் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கத்தரி அந்த முதலாளியின் மேசைமேல் இருந்தது. கல்யாணமாகி வந்தபின் எனக்கென்று இருந்த ஒரே உசுரை என் வாசலிலிருந்து ஓட்டிவிடச் சொல்கிறார்கள். அதை வேண்டாமென்று சொன்னால் வீட்டில் உலை கொதிக்காது. பசு இப்போதுதான் கன்று போட்டிருந்ததால், விசேஷத்துக்கு மறுநாள் அண்ணன் வண்டியோடு வந்து ஓட்டிப்போவதாக முடிவானது. அதுவரை மாடு கண்ணில் படக்கூடாதென்று முதலாளியே ஆள் அனுப்பி, சாளைக்கு முன்னால் தென்னந்தடுக்கு வைத்து மறைத்துக் கட்டினார். தடுக்குக்கு அந்தப் பக்கம் சீரியல் பல்பு எரிந்தது. இந்தப் பக்கம் நான் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழைப்பிதழை முதலாளியின் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். தங்க எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு அழைப்பதென்றால் வீட்டம்மா நேரில் வந்து, குங்குமம் கொடுத்து, வாய்விட்டு வாங்க என்று சொல்லவேண்டும். தங்க எழுத்தென்றாலும் காகிதம் வாய்விட்டு வாங்க என்று சொல்லாது. நான் போவதில்லை என்று இருந்துவிட்டேன். வீட்டுக்காரர் விடியுமுன்னே வாழைமரம் கட்டப் போய்விட்டார்.

விடிகிற நேரத்தில் லாரி ஒன்று வந்து நின்றது. தடுக்கை விலக்கிப் பார்த்தேன். உள்ளூர் மாடு அந்த வீட்டுக்குக் காணாது போலிருக்கிறது, உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ பண்ணையிலிருந்து சீமைப்பசு ஒன்றை வரவழைத்திருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குகிற தேசப்படம் மாதிரி இருந்தது. மாலை போட்டார்கள். கொம்பே இல்லை, அதனால் கொம்புக்கு வாங்கிய பித்தளைக் குப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் படம் எடுத்தார்.

ஐயர் வெளியே வந்து பசுவைச் சுற்றிப் பார்த்தார். "கன்னு எங்கே?"

எல்லோரும் லாரிக்காரரைப் பார்த்தார்கள்.

"பண்ணையில கன்னப் பொறந்ததுமே பிரிச்சு, புட்டிப்பால் குடுத்து வளப்பாங்கங்க. பெரிய மாடாப் பாத்து ஒண்ணு வேணும்னுதான சொன்னீங்க?" என்றார் லாரிக்காரர்.

"கன்னில்லாத பசுவை முன்னாலே விட்டு கிரகப்பிரவேசமா? என்னால ஆகாது. கன்னோட ஒரு பசுவைக் கொண்டுவாங்கோ, முகூர்த்தம் போயிண்டிருக்கு."

அந்த நேரம் பார்த்து, தடுக்குக்குப் பின்னாலிருந்து என் கன்று 'அம்மா' என்றது. இப்போது எல்லோரும் தெருவுக்கு இந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

முதலில் டிரைவர் வந்தார். "ஏனுங்கம்மா, மாட்டையும் கன்னையும் வெரசா ஓட்டியாரச் சொன்னாங்க."

"எந்த மாடுங்க? இங்க தடுக்குத்தான இருக்குது?"

அவர் போனார். அடுத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "புள்ள, மானத்த வாங்காத. அவுத்து உடு."

"எங்கப்பன் ஊட்டு மாட்ட நல்ல காரியத்துக்குக் கூப்புடறதுன்னா, நல்ல காரியத்துக்குக் கூப்புடற மாதிரி கூப்புடோணும். குங்குமம் குடுத்துக் கூப்புடட்டும். மாடும் வரும், நானும் வருவேன்."

"மொதலாளியம்மாளையா இங்க வரச் சொல்ற?"

"தெரு அகலம் அவ்வளவுதானுங்களே. அவிங்க காருகூட வேண்டாம்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பயமும் இருந்தது, பார்த்தால் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. திரும்பிப் போனார். போய் என்ன சொன்னாரோ, மில்லுக்காரர்களும் பம்பாய்க்காரரும் வாசலில் நின்று பார்க்க, முதலாளியம்மா பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையில் தட்டோடு தெருவைக் கடந்து வந்தார். தடுக்கைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டியிருந்தது. அந்த வழியில் காலையில் போட்ட சாணியை நான் இன்னும் அள்ளவில்லை. அவர் கால் வைத்த இடத்தை இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

"வாங்க மாஸ்டரம்மா" என்றார், தடுக்கைப் பார்த்துக்கொண்டு. பிறகு என்னைப் பார்த்து, "எங்க ஊட்டு விசேஷத்துக்கு வரோணுமுங்க. பசுவையும் கூட்டியாரோணுமுங்க."

"வர்றேனுங்க" என்று குங்குமம் எடுத்துக்கொண்டேன். என் மூக்கில் உதிர்ந்ததை அவரே விரலால் தட்டிவிட்டார். அன்றைக்குத்தான் அவரும் என்னைப் போல ஒரு பெண்பிள்ளை என்று தெரிந்தது. அடுத்த நாளே அது மறந்துபோனது வேறு விசயம்.

நானே பசுவைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசல்படி ஏறியது. நிலைப்படி தாண்டி முன்னங்காலை வைக்கப் போனது, குனிந்து பார்த்தது, நின்றுவிட்டது. தரைக்குள்ளே இன்னொரு மாடு தலைகீழாக நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது. வாழைப்பழம் காட்டினார்கள். வெல்லம் காட்டினார்கள். சிங்கம் வைத்தவர் பின்னால் போய்த் தள்ளினார். வாலால் ஒன்று வாங்கினார். பம்பாய்க்காரர் இந்தியில் ஏதோ யோசனை சொன்னார். யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் ஆமாமென்று தலையாட்டினார்கள்.

"சாக்கு விரிச்சா ஏறுமுங்க" என்றேன்.

"சாக்கா? போட்டோ எடுக்கறாங்க" என்றார் முதலாளியம்மா.

"நேரமாச்சு, நேரமாச்சு" என்றார் ஐயர்.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கத்தினார். "அந்தக் கம்பளத்த விரிங்கடா!"

பம்பாய்க்காரர் அன்பளிப்பாகக் கொண்டுவந்த கம்பளம். சிவப்பு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்து, நிலைப்படியிலிருந்து ஹால் வரைக்கும் உருட்டி விரித்தார்கள். என் பசு அதை முகர்ந்தது. பிறகு, பிறந்ததிலிருந்தே கம்பளத்தில் நடந்து பழகினது மாதிரி, கன்று பின்னால் துள்ள, நேராக நடந்து ஹாலுக்குப் போய், புது இடத்துக்கு மாற்றியிருந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றது. வாலைத் தூக்கியது. கோமியம், அப்புறம் சாணி. ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. போட்டோக்காரரின் விளக்கு பளிச்சென்று அடித்தது.

"ஆஹா! மகாலட்சுமி!" என்றார் ஐயர். "யாரும் துடைக்காதேங்கோ. இதைவிட என்ன சகுனம் வேணும்?"

எல்லோரும் கும்பிட்டார்கள். பெண்கள் ஒரு கையால் கும்பிட்டு, இன்னொரு கையால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். முதலாளியம்மா இரண்டு கையாலும் கும்பிட்டார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

"இந்த லட்சுமி எங்கேர்ந்து வந்தா?" என்று ஐயர் கேட்டார்.

"எதுத்த ஊடுதானுங்க சாமி" என்றேன்.

"நேர் எதிரேவா? காலையிலே கதவைத் திறந்தா கன்னோட பசு முகமா? அந்த யோகம் யாருக்குக் கிடைக்கும்! அதைப் போய் எதுக்குத் தடுக்கு வெச்சு மறைச்சிருக்கு?"

முதலாளி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"வெய்யக்காலமாச்சுங்களே சாமி. மாட்டுக்கு வெய்யல் படக்கூடாதுன்னு மொதலாளியே ஆளுட்டுக் கட்டிக் குடுத்தாருங்க" என்றேன்.

முதலாளி மெதுவாக மூச்சு விட்டார். ஐயர் அவருக்குத் தனியாக ஓர் ஆசீர்வாதம் செய்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் வண்டியோடு வந்து சேர்ந்தான். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவிழ்க்கக் கை வரவில்லை. எதிர்வீட்டுக் கேட் திறந்தது. முதலாளி தானே தெருவைத் தாண்டி வந்து, தடுக்கில் கை வைத்துக்கொண்டு, "மாஸ்டரே, ஐயரு வேற அப்புடிச் சொல்லிப்போட்டாரு. மாடு... இருக்கட்டுமுங்க" என்றார். பின்னாலேயே ஆட்கள் வந்து தடுக்கைப் பிரித்துச் சுருட்டினார்கள். அவ்வளவு தூரம் வீணாக வண்டி ஓட்டிவந்த அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அப்புறம் நகரில் மொசைக் போட்ட ஒவ்வொரு வீட்டம்மாவும் குங்குமத் தட்டோடு எங்கள் வேலிக்கு வந்தார்கள். கம்பளம் யாரும் விரிக்கவில்லை, புத்தியாகச் சாக்குதான் விரித்தார்கள். முதலாளியம்மா மட்டும் வருகிறவர்களுக்கு ஃபிரிட்ஜைத் திறந்து காட்டிவிட்டு, அப்படியே ஜன்னலைத் திறந்து என் பசுவையும் காட்ட ஆரம்பித்தார். "அசல் காங்கேயமுங்க. நம்ம வாசலுக்கு நேரா கட்டியிருக்குதுங்க" என்பது என் சாளை வரை கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்வார்.

ஒருநாள் தெருவைக் கடந்து வந்து, "மாஸ்டரம்மா, அந்தக் கவுத்துக்குப் பதிலா வெள்ளிப் பூண் போட்ட தோல்பட்டையும் ஒரு மணியும் கட்டுனா எடுப்பா இருக்குமுங்களே? ஊட்டுக்கு வர்ற ஒறம்பரையெல்லாம் பாக்கறாங்க. நானே வாங்கித் தரட்டுங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கு அரிப்பெடுத்தாச் சொறிய எடம் வேணுமுங்க. கவுறே இருக்கட்டும்" என்றேன்.

பிறகு முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த சொம்பை நீட்டினார். அன்றைக்கு டிரைவர் லீவாம், டவுனிலிருந்து புட்டிப்பால் வாங்கிவர ஆளில்லையாம். நான் நுரை அடங்கக் காத்திருந்து நிறைய ஊற்றினேன்.